வேகம் மாறினால்தான் அளவு நிற்கும்: சிரைவழி மயக்க மருந்தின் கணக்கு

மயக்கவியல் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் கேள்வி இது. ப்ரோபோஃபால் என்ற மயக்க மருந்தைச் சிரிஞ்சு பம்ப் வழியாகத் தொடர்ந்து செலுத்தும்போது, இரத்தத்தில் அதன் அளவு ஒரே நிலையில் நிற்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் பம்ப்பின் வேகத்தையும் ஒரே நிலையில் வைத்துவிட்டால் போதாதா? முதல் அரை மணி நேரத்துக்குள் ஏன் இரண்டு மூன்று முறை குறைக்கச் சொல்கிறார்கள்? நடுவில் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் அதற்குக் கணக்கு உண்டா, அல்லது கைப்பழக்கம்தானா?

கணக்கு உண்டு. அதைக் காகிதத்தில் ஒருமுறையாவது போட்டுப் பார்த்தவர்களுக்குப் பம்ப்பின் திரை வேறு மாதிரித் தெரியும். ஆகவே எண்களோடு சொல்கிறேன். இவை புரிந்துகொள்வதற்கான எண்கள். எந்த நோயாளிக்கும் அப்படியே எடுத்துச் செலுத்துவதற்கானவை அல்ல.

70 கிலோ எடையுள்ள, வேறு நோய் இல்லாத நடுவயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். இரத்தத்தில் ப்ரோபோஃபாலின் செறிவு மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோகிராம் என்று நிற்க வேண்டும். 1 சதவீத மருந்து, அதாவது ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம். கணக்குக்கு மார்ஷ் மாதிரியை, அதாவது ப்ரோபோஃபால் உடலில் பரவி வெளியேறுவதைக் கணிக்கும் ஒரு கணித மாதிரியை, எடுத்துக்கொள்கிறேன். பழைய மாதிரிதான், ஆனாலும் கையால் கணக்குப் போட அதைவிட வசதியானது இல்லை. அதன்படி மருந்து முதலில் கலக்கும் மைய அறையின் கொள்ளளவு கிலோவுக்கு 0.228 லிட்டர், நம்மவருக்குச் சுமார் 16 லிட்டர். உடலிலிருந்து மருந்து நிரந்தரமாக வெளியேறும் திறன் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1.9 லிட்டர்.

உள்ளே போவதும் வெளியேறுவதும் சமமானால் அளவு நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். வெளியேறும் திறனைச் செறிவால் பெருக்கினால் நிமிடத்துக்கு 5.7 மில்லிகிராம், மணிக்கு 34 மில்லிலிட்டர் வருகிறது. சரி, பம்ப்பை 34-இல் வைத்துவிட்டுப் போகலாமா? போனால் என்ன நடக்கும் என்று அதே மாதிரியிடம் கேளுங்கள். பத்து நிமிடம் கழித்துச் செறிவு 1.3. அரை மணி நேரத்தில் 1.8-ஐத் தொடவில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் 2.1தான். 3-ஐ எட்டுவதற்குள் பெரும்பாலான அறுவை சிகிச்சைகள் முடிந்து, கட்டும் போட்டாகிவிடும்.

காரணம், மருந்து உடலைவிட்டு வெளியேறுவது மட்டும் இழப்பு அல்ல. உடலுக்குள்ளேயே பரவுவதும் இரத்தத்துக்கு இழப்புதான். வறண்ட பாத்திக்கு முதல் தண்ணீர் பாய்ச்சும்போது மண் எவ்வளவு ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருக்கும். நனைந்த பிறகு ஆவியாகிப் போவதை மட்டும் ஈடுகட்டினால் போதும். ப்ரோபோஃபாலுக்குத் தசை வேகமாகக் குடிக்கும் மண். கொழுப்பு மெதுவாகக் குடிக்கும், ஆனால் அதன் கொள்ளளவுக்குக் கரை தெரியாது. மார்ஷ் மாதிரியின்படி, முதல் நிமிடத்தில் வெளியேற்றத்தால் போவதைவிடப் பரவலால் போவது அதிகம்.

எனவே செறிவைச் சீராக வைக்க மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். மைய அறையை நிரப்ப ஒரு போலஸ், அதாவது ஒரே வீச்சில் தரும் மருந்தளவு. நிரந்தர வெளியேற்றத்தை ஈடுகட்ட மாறாத ஒரு வேகம். திசுக்களுக்குள் பரவிப் போவதை ஈடுகட்ட, நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே வரும் இன்னொரு வேகம். இந்தக் கணிதத்தை க்ரூகர்-தீமர் 1968-இல் எழுதிவைத்தார். ஷ்வில்டன் 1981-இல் கணினியை வைத்து அதைச் செயல்படுத்திக் காட்டினார். இன்று உங்கள் அறையில் இருக்கும் இலக்குச் செறிவு பம்ப், அதாவது டி.சி.ஐ. பம்ப், செய்வதும் இதைத்தான். முதன்முதலில் 1996-இல் விற்பனைக்கு வந்த டிப்ரிஃப்யூசர் செய்ததும் இதைத்தான்.

நம்மவருக்கு இந்த மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. போலஸ் 48 மில்லிகிராம். அது போனவுடன் தேவைப்படும் வேகம் மணிக்கு 78 மில்லிலிட்டர். பத்தாவது நிமிடத்தில் 64. இருபதாவது நிமிடத்தில் 56. ஒரு மணி நேரத்தில் 45, இரண்டு மணி நேரத்தில் 42, நான்கு மணி நேரம் ஆனாலும் 40. இறுதியில் எட்ட வேண்டிய 34-ஐ அது இன்னும் எட்டவில்லை. கொழுப்பு குடித்து முடிக்கவில்லை. ஆனால் செறிவு மட்டும் முதல் நிமிடத்திலிருந்து 3-இலேயே நின்றிருக்கிறது, குறைந்தபட்சம் காகிதத்தில்.

மாறாக அந்த முதல் 78-ஐ யாராவது மறந்து அப்படியே விட்டுவிட்டால்? ஒரு மணி நேரத்தில் செறிவு 4.8. அங்கேயும் நிற்காது, 7-ஐ நோக்கி ஏறும். இரத்த அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கி, ஏன் என்று புரியாமல் அழுத்தம் கூட்டும் மருந்தைத் தேடி ஓடும் பல சூழ்நிலைகளுக்குப் பின்னால் இப்படி ஒரு மறதி இருக்கும்.

டி.சி.ஐ. பம்ப் இல்லாத இடங்களில் பயன்படும் 10-8-6 முறையை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ராபர்ட்ஸும் சக மருத்துவர்களும் 1988-இல் வெளியிட்டது அது: கிலோவுக்கு 1 மில்லிகிராம் போலஸ், முதல் பத்து நிமிடம் மணிக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், அடுத்த பத்து நிமிடம் 8, அதன் பிறகு 6. மேலே கொடுத்த எண்களைக் கிலோக் கணக்குக்கு மாற்றினால் தொடக்கத்தில் 11.2, பத்தாவது நிமிடத்தில் 9.2, இருபதாவது நிமிடத்தில் 8, ஒரு மணி நேரத்தில் 6.5, இரண்டு மணி நேரத்தில் 6. அதாவது வளைந்து இறங்கும் கோட்டை மூன்று படிகளாக வெட்டியதுதான் 10-8-6. படியாக வெட்டியதால் சில இடங்களில் கோட்டுக்குக் கீழே போகும். குறிப்பாக இருபதாவது நிமிடத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் இடையே 6 என்பது கொஞ்சம் குறைவு. தொடக்கப் போலஸ் கணக்கைவிடச் சற்று அதிகமாக இருப்பது அந்தக் குறையில் ஒரு பகுதியை நிரப்புகிறது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: அந்த ஆய்வில் நோயாளிகளுக்கு ஃபென்டனில் என்ற வலியடக்கியும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவை இரண்டும் இல்லாமல் 10-8-6-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, நோயாளி அசைகிறார் என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இல்லை.

குழந்தைகளுக்கு இதே முறையை எடுத்துச் செல்லவே கூடாது. கிலோவுக்குக் கணக்கிட்டால் அவர்களுடைய மைய அறையும் பெரிது, வெளியேற்றமும் அதிகம். மெக்ஃபார்லன் 1999-இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான முறையில் இதே 3 மைக்ரோகிராமுக்குக் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் போலஸும், 15-இல் தொடங்கி 13, 11, 10, 9 என்று இறங்கும் வேகங்களும் இருக்கின்றன.

இப்போது கேள்வியின் கடைசிப் பகுதி. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். தவறுகள் அதிகம் நடப்பது அங்கேதான். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, பம்ப் 45-இல் ஓடுகிறது, செறிவு 3. அறுவை மருத்துவர் வலி மிகுந்த கட்டத்துக்கு வருகிறார். செறிவு 4 வேண்டும். பெரும்பாலானோர் உடனே செய்வது, 45-ஐ மூன்றில் ஒரு பங்கு கூட்டி 60 ஆக்குவது. ஐந்து நிமிடம் கழித்துச் செறிவு எவ்வளவு தெரியுமா? சுமார் 3.4. அரை மணி நேரம் காத்திருந்தாலும் 3.8தான். அதற்குள் நோயாளி அசைந்திருப்பார், நீங்கள் பதறி 80 ஆக்கியிருப்பீர்கள், வலி மிகுந்த கட்டம் முடிந்த பிறகு அந்த 80-இன் விளைவு வந்து சேர்ந்து இரத்த அழுத்தத்தைத் தரைக்கு இழுத்திருக்கும்.

சரியான வழி, கூட வேண்டிய அந்த 1 மைக்ரோகிராமைப் புதிதாகத் தொடங்கும் தனிச் செலுத்தலாக நினைப்பது. 16 லிட்டருக்கு 16 மில்லிகிராம் போலஸ். அதன் பின், ஓடிக்கொண்டிருக்கும் 45-உடன் முதலில் 26-ஐச் சேர்த்து 71. பத்து நிமிடத்தில் 66-க்கு இறக்கம், பிறகு 60-ஐ நோக்கி மெல்ல இறக்கம். ஏற்கெனவே 3 மைக்ரோகிராமுக்கு நனைந்திருக்கும் திசு, 4-க்கு மறுபடியும் குடிக்கத் தொடங்கும். 71 என்பது அந்தக் கூடுதல் தாகத்துக்கான விலை. வயதானவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் அந்த 16 மில்லிகிராமை ஒரே வீச்சில் தள்ளாமல் இரண்டு மூன்று நிமிடத்தில் பிரித்துத் தருவது நல்லது. தருவதே வேண்டாம் என்பது தவறு.

குறைப்பதற்கும் இதே நியாயம், தலைகீழாக. 3-இலிருந்து 2-க்கு இறங்க வேண்டுமானால் வேகத்தை 45-இலிருந்து 30 ஆக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். பம்ப்பை நிறுத்துங்கள். ஒரு மணி நேரச் செலுத்தலுக்குப் பிறகு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்போது இரத்தத்தில் 2 வந்துவிடும். திரும்ப ஓடவிடும்போது 30-இல் அல்ல, 20-ஐ ஒட்டித் தொடங்க வேண்டும். ஏனென்றால் இப்போது திசுக்கள் மருந்தைக் குடிக்கவில்லை, திருப்பித் தந்துகொண்டிருக்கின்றன. அவை தருவது குறையக் குறைய வேகத்தை 25-ஐ நோக்கிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். குறைத்த பிறகு கூட்டுவதா என்று வியப்பாக இருக்கும். டி.சி.ஐ. பம்ப்பில் இலக்கைக் குறைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள்: முதலில் நிற்கும், பின் மெதுவாக ஓடும், பின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பழுது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் இரத்தத்தில் உள்ள அளவு. மயக்கம் நடப்பது மூளையில். இரத்தத்தில் அளவு மாறிய பிறகு மூளையில் அது சமமாவதற்கு ஒரு தாமதம் உண்டு. டிப்ரிஃப்யூசரின் மார்ஷ் மாதிரி காட்டும் கணக்கில் பாதித் தூரம் கடக்க 2.7 நிமிடம், ஷ்னைடர் என்ற இன்னொரு மாதிரியில் 1.5 நிமிடம். எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், இலக்கை மாற்றிய அடுத்த நிமிடத்திலேயே விளைவு வரவில்லை என்று மறுபடியும் மாற்றுவது பொறுமையின்மைதான். மாற்றுங்கள், சில நிமிடம் பாருங்கள், பிறகு தீர்மானியுங்கள்.

மாதிரிகளைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. மார்ஷில் 3 என்பதும் ஷ்னைடரில் 3 என்பதும் ஒன்றல்ல. மார்ஷில் மைய அறை எடையோடு சேர்ந்து வளரும், 70 கிலோவுக்கு 16 லிட்டர். ஷ்னைடரில் அது எல்லாப் பெரியவர்களுக்கும் 4.27 லிட்டர்தான். ஆகவே இரத்தச் செறிவு 3 என்று கேட்டால் மார்ஷ் 48 மில்லிகிராம் தரும் இடத்தில் ஷ்னைடர் 13 மில்லிகிராம் கூடத் தராது. அதனால்தான் ஷ்னைடரை மூளையிலுள்ள செறிவை இலக்காக வைத்து ஓட்டுகிறார்கள். அப்போது அது இரத்தச் செறிவை வேண்டுமென்றே இலக்குக்கு மேலே தள்ளி, மூளையை வேகமாக எட்டச் செய்யும். மார்ஷ் வயதைக் கணக்கில் கொள்ளாது, எண்பது வயதுக்காரருக்கும் முப்பது வயதுக்காரருக்கும் ஒரே போலஸ்தான் தரும். ஷ்னைடர் வயதைக் கணக்கில் கொள்ளும். ஆனால் அதன் கொழுப்பற்ற உடல் எடைச் சூத்திரம் மிகுந்த உடல் பருமனில் தடம் புரண்டு, எடை கூடக் கூடக் குறைவான எண்ணைத் தரத் தொடங்கிவிடும். 2018-இல் வந்த எலிவெல்ட் மாதிரி குழந்தை முதல் முதியவர் வரை, ஒல்லி முதல் பருமன் வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை ஒன்றாகச் சேர்த்துக் கட்டப்பட்டது. வருங்காலம் அந்தப் பக்கம்தான் என்பது என் கணிப்பு. எந்த மாதிரியாக இருந்தாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே கை பழக வேண்டும். காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாற்றினால் எண்களின் பொருள் மனதில் நிலைக்காது.

ப்ரோபோஃபாலோடு சேர்த்துச் செலுத்தும் வலியடக்கியான ரெமிஃபென்டனில் இந்தத் தொல்லைகளையெல்லாம் சட்டை செய்யாத மருந்து. இரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கும் எஸ்டரேஸ் நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அதற்கான மின்டோ மாதிரிப்படி வெளியேற்றம் நிமிடத்துக்குச் சுமார் 2.6 லிட்டர். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் வேண்டுமானால் நிமிடத்துக்கு 10.4 மைக்ரோகிராம், நம்மவருக்குக் கிலோவுக்கு 0.15. ஒரே வேகத்தில் ஓடவிட்டாலும் கால் மணி நேரத்துக்குள் ஏறக்குறைய நிலைக்கு வந்துவிடும். அதனால்தான் வலி மிகுந்த கட்டங்களில் நான் ப்ரோபோஃபாலைத் தொடாமல் ரெமிஃபென்டனிலைக் கூட்டச் சொல்வேன். சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துபவை என்பதால் ரெமிஃபென்டனில் ஓடும்போது ப்ரோபோஃபாலின் இலக்கையே குறைவாக வைக்க முடியும். ஆனால் மிகவும் குறைத்துவிடக் கூடாது. வலியை அடக்குவது ரெமிஃபென்டனிலின் வேலை. நினைவை அடக்குவதற்கு அதை நம்பக் கூடாது.

அளவு சீராக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். பம்ப் காட்டும் செறிவை யாரும் அளக்கவில்லை. அது கணித்த எண். உண்மையில் இரத்தம் எடுத்து அளந்து பார்த்தால் முப்பது சதவீதம் வரை விலகியிருப்பது சாதாரணம். அந்த அளவு விலகலை இந்தத் துறை ஏற்றுக்கொண்டே நடக்கிறது. மாதிரி சராசரி மனிதருக்கானது, மேசையில் படுத்திருப்பவர் சராசரி அல்ல. ஆனால் விலகல் பெரும்பாலும் ஒரே பக்கமாகவே நீடிக்கும் என்பது நமக்குச் சாதகம். ஒருவருக்கு 3 என்ற எண்ணில் கூடுதலாக ஏறியிருந்தால், 2.5-இல் வைத்தாலும் அவருக்கு அதே விகிதத்தில் கூடுதலாகவே இருக்கும். ஆக அந்த எண்ணை உண்மையான அளவாக நம்பாமல், இந்த நோயாளிக்கு மட்டுமான ஒரு அளவுகோலாக எடுத்துக்கொண்டால் அது நன்றாகவே வேலை செய்யும். மயங்கும் கணத்தில் திரையில் இருந்த விளைவுச் செறிவை, அதாவது மூளையில் இருப்பதாகக் கணித்த செறிவைக், குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எழுப்பும்போது அது ஒரு துப்பு.

அறுவை நடக்கும்போதே இந்த அளவுகோல் மாறவும் கூடும். ப்ரோபோஃபாலின் வெளியேற்றம் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தைச் சார்ந்தது. இரத்தப்போக்கு அதிகமாகி இதயம் வெளியே தள்ளும் இரத்தம் குறைந்தால், மருந்து கலக்கும் கொள்ளளவும் சுருங்கும், வெளியேற்றமும் தளரும். அப்போது திரையில் 3 என்று இருக்கும், உடலில் அதைவிட அதிகம் இருக்கும். இதயத்துடிப்பும் அழுத்தமும் சரியும்போது பம்ப்பின் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம், இலக்கைக் குறையுங்கள். தசை தளர்த்தி கொடுத்திருக்கும்போது அசைவு என்ற அடையாளமும் போய்விடுகிறது. அப்போது இ.இ.ஜி., அதாவது மூளையின் மின்னலைப் பதிவு, அடிப்படையிலான கண்காணிப்பு தேவை. அந்த அலைகளிலிருந்து மயக்கத்தின் ஆழத்தைக் கணிக்கும் பி.ஐ.எஸ். எண் 40-க்கும் 60-க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை. எண்ணை மட்டுமல்லாமல் அலைகளையும் பார்க்கப் பழகினால் இன்னும் நல்லது.

இத்தனை கணக்கும் மருந்து நோயாளிக்குள் போகிறது என்ற ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அறுவையின்போது விழிப்பு ஏற்பட்ட சம்பவங்களைத் தொகுத்த நாப்-5 ஆய்வு 2014-இல் வெளியானது. சிரைவழி மயக்கத்தில் நடந்தவற்றுக்கு அது சொன்ன முக்கியக் காரணங்கள் இரண்டு: செலுத்த நினைத்த மருந்து போய்ச் சேராதது, மருந்தியல் அடிப்படை புரியாதது. முதல் காரணத்துக்குக் கணிதம் தேவையில்லை, கண் போதும். சிரைக்குள் செருகிய குழலான கேனுலா இருக்கும் கையைத் துணியால் முழுக்க மூடிவிடாதீர்கள். கழன்றாலும் வீங்கினாலும் தெரிய வேண்டும். பம்ப் அதைக் கண்டுபிடிக்காது. தோலுக்கடியில் போனாலும் தரையில் சொட்டினாலும் 3 என்றே காட்டிக்கொண்டிருக்கும். குளுக்கோஸோ சலைனோ ஓடும் குழாயோடு இணைத்திருந்தால், அந்தக் குழாயில் பின்னோக்கி மருந்து ஏறாமல் தடுக்கும் வால்வு இருக்க வேண்டும். இணைப்பு கேனுலாவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தூரமாக இருந்தால் இடையிலுள்ள குழாயில் மருந்து தேங்கும், யாராவது சலைனை வேகமாகத் திறந்துவிடும்போது தேங்கியது மொத்தமும் ஒரே வீச்சில் உள்ளே போகும்.

சிரிஞ்சைப் பூட்டியவுடன் குழாயின் முனையில் மருந்து சொட்டும் வரை பம்ப்பின் பொத்தானாலேயே ஓடவிட்டு, பிறகு நோயாளிக்கு இணையுங்கள். கையால் தள்ளி நிரப்பினால் சிரிஞ்சுக்கும் பம்ப்பின் தள்ளுதண்டுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி மிஞ்சும். குறைந்த வேகத்தில் அந்த இடைவெளியைக் கடக்கவே பல நிமிடங்கள் ஆகலாம், அதுவரை உள்ளே எதுவும் போகாது. சிரிஞ்சின் அளவும் நிறுவனமும் பம்ப்பில் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றனவா, 1 சதவீதமா 2 சதவீதமா என்பதை ஒவ்வொரு சிரிஞ்சு மாற்றத்திலும் பாருங்கள். ப்ரோபோஃபாலையும் ரெமிஃபென்டனிலையும் ஒரே சிரிஞ்சில் கலக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனி வேகம் தேவை என்பதுதான் மேலே சொன்ன கணக்கு முழுவதும்.

பம்ப்பே நடுவில் செயலிழந்தால்? புதிய பம்ப்பை எடுத்து, எடை வயது எல்லாம் போட்டு, இலக்கு 3 என்று தொடங்குவதுதான் இயல்பாகத் தோன்றும். செய்யாதீர்கள். புதிய பம்ப்புக்கு இந்த நோயாளியின் உடலில் ஏற்கெனவே மருந்து இருப்பது தெரியாது. வறண்ட உடல் என்று நினைத்துப் போலஸையும் முதல் அரை மணி நேர வேகத்தையும் மறுபடியும் கொடுத்துவிடும். பழைய பம்ப் கடைசியாக ஓடிய வேகத்தைப் பார்த்து, புதியதை மணிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்ற சாதாரண முறையில் அதே வேகத்தில் ஓடவிட்டு, கையால் சரிசெய்துகொண்டு போங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, டி.சி.ஐ. ஓடும்போதும் மில்லிலிட்டர் வேகத்தை அவ்வப்போது மயக்கப் பதிவேட்டில் எழுதிவைக்கச் சொல்கிறேன்.

நிறுத்துவதும் வேகத்தை மாற்றுவதன் ஒரு பகுதிதான். எவ்வளவு நேரம் செலுத்தினோமோ அதற்கேற்ப, நிறுத்திய பின் செறிவு பாதியாவதற்கு ஆகும் நேரமும் நீளும். இதைத்தான் 1992-இல் ஹியூஸும் சக ஆய்வாளர்களும் செலுத்திய நேரத்தைச் சார்ந்த அரைக்காலம் என்று வரையறுத்தார்கள். ரெமிஃபென்டனிலுக்கு அது எப்போதும் மூன்று நான்கு நிமிடம், பத்து நிமிடம் ஓடினாலும் பத்து மணி நேரம் ஓடினாலும். ப்ரோபோஃபாலுக்கு மெதுவாக நீளும், எட்டு மணி நேரம் ஓடிய பிறகும் நாற்பது நிமிடத்துக்குள் இருக்கும். ஃபென்டனிலைத் தொடர்ந்து செலுத்தினால் முதல் இரண்டு மணி நேரம் நல்ல பிள்ளையாக இருக்கும், பிறகு செங்குத்தாக ஏறும். நீண்ட அறுவைக்கு அதைத் தொடர்செலுத்தலாக வைப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். பாதியாவது மட்டும் போதாது என்பதும் உண்டு. 3-இல் இருப்பவர் கண் விழிக்க 1-ஐ ஒட்டி வர வேண்டும். அந்த இரண்டாவது பாதி முதல் பாதியைவிட மெதுவாகப் போகும். பம்ப்பின் திரையில் இலக்கு வரை இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று காட்டும் எண் ஒன்று இருக்கும். தையல் தொடங்கும்போதே அதைப் பாருங்கள், கட்டுப் போட்ட பிறகு அல்ல.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கில் ப்ரோபோஃபால் ஓடுவது வேறு கதை. மணிக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் 48 மணி நேரத்தைத் தாண்டினால் இதயத்தையும் தசைகளையும் பாதிக்கும் ப்ரோபோஃபால் செலுத்தல் நோய்க்குறித் தொகுப்பின் ஆபத்து கூடுகிறது என்பதை மட்டும் இங்கே சொல்லி நிறுத்துகிறேன்.

ரெமிஃபென்டனில் நின்ற ஐந்து பத்து நிமிடத்துக்குள் வலியடக்கம் என்று எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகவே மார்ஃபினோ வேறு நீடித்த வலிநிவாரணியோ, நரம்புத் தடுப்போ முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். பம்ப்பைக் கழற்றிய பிறகு கேனுலாவையும் அதன் இணைப்புகளையும் அறுவை அரங்கிலேயே, உங்கள் கண்முன், சலைன் விட்டுக் கழுவிவிடுங்கள். அதில் தேங்கி நிற்கும் ஒரு மில்லிலிட்டரில் 50 மைக்ரோகிராம் ரெமிஃபென்டனில் இருக்கக்கூடும். வார்டில் யாரோ ஆண்டிபயாட்டிக் போடும்போது அது உள்ளே போனால் நோயாளியின் மூச்சு நின்றுவிடும், அருகில் காற்றுப்பாதையைக் கையாளத் தெரிந்தவர் இருக்கமாட்டார். கழுவியதைப் பதிவேட்டில் எழுதி, மீட்பு அறைச் செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள்.